வெளிநாட்டின் முதல் நாள் கியா பார்மிலேயே தொடங்கிவிடுகிறது

வெளிநாட்டுக்குப் படிக்கப் போனவர்களிடம் முதல் நாள் பட்ட பாட்டைச் சொல்லச் சொன்னால், பெரும்பாலோர் லண்டனிலோ மெல்பர்னிலோ நடந்ததைத்தான் சொல்வார்கள். கேமரன் மலைப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுடைய கதை பல சமயம் கியா பார்ம் காய்கறிச் சந்தைக்கு முன்னால், நகராத வேனுக்குள் தொடங்கும்.

கியா பார்ம் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பிரிஞ்சாங்கைத் தாண்டி மேலே ஏறினால் சாலையோரம் முழுக்க ஸ்ட்ராபெரி, சோளம், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தேன், கள்ளிச்செடி விற்கும் கடைகள். சற்றுத் தள்ளி, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கும் பிரிஞ்சாங் மலை உச்சிக்கும் ஏறும் கிளைச்சாலை பிரிகிறது. சாதாரண நாளில் சந்தையைக் கடக்கச் சில நிமிடங்கள் போதும். பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதியிலும் அதே தூரத்துக்கு மணிக்கணக்காகும். கீழ்நாட்டுக் கார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அங்கேதான் நிறுத்த இடம் தேடும்.

இதில் மாணவர்களைப் பாதிக்கும் ஒரு நாட்காட்டிச் சிக்கல் இருக்கிறது. பிரிட்டன் பல்கலைக்கழகங்களின் கல்வியாண்டு பெரும்பாலும் செப்டம்பர் பிற்பகுதியில் தொடங்கும். நம் மாணவர்கள் செப்டம்பர் நடுவில் புறப்படுவார்கள். செப்டம்பர் 16 மலேசிய தினம், பொது விடுமுறை. அது வார இறுதியோடு ஒட்டிக்கொண்டால் மலை நிரம்பிவிடும். விமானச் சீட்டை ஆறு மாதம் முன்பே மலிவு விலையில் வாங்கியவருக்கு அந்தத் தேதியில் மலை எப்படி இருக்கும் என்று யோசிக்கத் தோன்றாது.

கியா பார்மிலிருந்து கீழே இறங்க இரண்டு வழி. பிரிஞ்சாங், தானா ராத்தா, ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கலாம். இல்லையென்றால் திரிங்காப், கோல தெர்லா, கம்போங் ராஜா வழியாகச் சிம்பாங் பூலாய்க்கு இறங்கலாம். தாப்பா சாலை குறுகலானது, வளைவுகள் கணக்கில் அடங்கா. சிம்பாங் பூலாய் சாலை அகலமானது, ஆனால் சுற்று வழி. பலத்த மழை பெய்தால் இரண்டிலும் மண் சரியும். அதன் பிறகு வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கோலாலம்பூர். அதையும் தாண்டி சிப்பாங். எல்லாம் சரியாக இருந்தாலும் நான்கைந்து மணி நேரம். ‘எல்லாம் சரியாக இருந்தால்’ என்பதை நம்பிக் கிளம்புகிறவர்கள்தான் பிறகு கதை சொல்கிறார்கள்.

எங்கள் பக்கத்து லயத்து அண்ணன் ஒருவர் கிளம்பிய நாளை இன்னும் பேசுகிறோம். வழியனுப்ப ஒன்பது பேர், ஒரு வேன், பின்னால் சித்தப்பாவின் கார். நல்ல நேரம் பார்த்துப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, காலை பத்தரைக்கு மேல் கிளம்பினார்கள். சந்தையைத் தாண்டவே நண்பகல் ஆகிவிட்டது. ரிங்லெட்டுக்குக் கீழே வளைவுகளில் இரண்டு சிறுவர்கள் வாந்தி எடுத்தார்கள். தாப்பாவில் எல்லாரையும் இறக்கி, கழுவி, சாப்பாடு வாங்கிக் கொடுத்து மறுபடி ஏற்ற வேண்டியதாயிற்று. மாலை விமானத்துக்கு அவர் முகப்பிடத்தை அடைந்தபோது, அது மூட ஐந்து நிமிடம்தான் மிச்சம் இருந்ததாம். இராகு காலம் பார்க்கிற வீட்டில் பள்ளி விடுமுறை அட்டவணையையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்பது என் கட்சி.

அனைத்துலக விமானங்களுக்கு முகப்பிடம் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடப்படும். டிக்கெட்டில் உள்ள நேரம் விமானம் நகரும் நேரம் மட்டுமே. அதோடு நம் விமான நிலையத்தில் முனையம் ஒன்று, முனையம் இரண்டு என்று இரண்டு கட்டடங்கள் இருக்கின்றன. பழைய பேச்சு வழக்கில் கேஎல்ஐஏ, கேஎல்ஐஏ 2. ஓட்டுநர் மாமா பழக்கத்தில் ஒன்றில் இறக்கிவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவார். விமானமோ மற்றதில் நிற்கும். இரண்டுக்கும் இடையே ரயில் மூன்று நிமிடத்தில் போய்விடும். ஆனால் ரயிலுக்குக் காத்திருப்பது, இரண்டு பெரிய பெட்டிகளோடு மின்தூக்கி தேடுவது எல்லாம் சேர்ந்தால் அரை மணி நேரம் கரைந்துவிடும். சீட்டில் முனையத்தின் எண் அச்சாகியிருக்கும். அதைப் பயணி மட்டும் தெரிந்துவைத்திருந்தால் போதாது. வண்டி ஓட்டுகிறவரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

இன்னொரு பொறி நள்ளிரவு விமானம். 17ஆம் தேதி 00.40 என்று சீட்டில் இருந்தால், 16ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இதைப் படிக்கும்போது ‘இதுகூடத் தெரியாதா’ என்று தோன்றும். பதினேழாம் தேதி என்று வீட்டு நாட்காட்டியில் சிவப்பு வட்டம் போட்டு, உறவினர்களுக்கும் அதையே சொல்லி, பதினேழாம் தேதி இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பத் தயாரான குடும்பங்கள் இருக்கின்றன.

விமானத்தைத் தவறவிடுவது பணக்கார வீட்டுக்கு ஓர் எரிச்சல். தோட்டத்து வீட்டுக்கு அப்படியில்லை. நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். கடைசி நேரத்தில் வாங்கும் ஒருவழி நெடுந்தூரச் சீட்டு அந்த ஒரு மாதச் சம்பளத்தைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். அதனால்தான் முந்தைய நாளே இறங்கி, பந்திங்கிலோ காஜாங்கிலோ சிரம்பானிலோ உறவினர் வீட்டில் படுத்துக்கொள்ளுங்கள் என்று மலையில் இருந்து போன மூத்தவர்கள் சொல்கிறார்கள். யார் வீட்டிலும் தங்கக் கூச்சப்படும் அப்பாக்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது தனி வேலை.

தவறிவிடும் என்று தெரிந்துவிட்டால், விமானம் புறப்படும் முன்பே விமான நிறுவனத்தை அழைத்துச் சொல்வது முக்கியம். இணைப்பு விமானங்களோ திரும்பும் பயணமோ ஒரே சீட்டில் இருந்தால், முதல் பகுதிக்கு வராதவரின் மீதிப் பகுதிகளையும் பல நிறுவனங்கள் தாமாகவே ரத்து செய்துவிடும். தாப்பா சாலையில் கைப்பேசிக்குக் கோடு கிடைக்காத வளைவுகள் உண்டு. அழைக்க வேண்டியிருந்தால் ரிங்லெட்டிலேயே அழைத்துவிடுங்கள்.

பெயர் என்னும் பெரிய சிக்கல்

சாலையைத் தாண்டியவர்களை அடுத்து நிறுத்துவது நம்முடைய பெயர்தான். இதைப் பற்றி ஆலோசனைக் கூட்டங்களில் யாரும் போதுமான அளவு பேசுவதில்லை.

மலேசியக் கடப்பிதழில் பெயர் ஒரே தொடராக இருக்கும். குடும்பப் பெயர், இயற்பெயர் என்று இரண்டு கட்டங்கள் கிடையாது. நம்மில் பலருக்கு நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி இருக்கும். அனாக் லெலாக்கி, அனாக் பெரம்புவான், அதாவது மகன், மகள். அடையாள அட்டையில் பார்த்துப் பார்த்து அதைப் பெயரின் ஒரு துண்டாகவே நாம் நினைத்துவிட்டோம். வெளிநாட்டுக் கணினிக்கு அந்தச் சாய்கோடு பிடிக்காது. கடப்பிதழின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் எண்களும் ஒரு நிரப்புக் குறியும் மட்டுமே இருக்கலாம் என்பது அனைத்துலகப் பொதுப் பறப்பு அமைப்பின் விதி. சாய்கோட்டுக்கு அங்கே இடமில்லை.

விமானச் சீட்டு வாங்கும் இணையத்தளம், ‘குடும்பப் பெயர்’ கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. என்ன செய்வோம்? ஒருவர் அப்பா பெயரைப் போடுவார். ஒருவர் தன் பெயரையே இரண்டு கட்டத்திலும் போடுவார். இன்னொருவர் சாய்கோட்டை நீக்கி ‘ஏஎல்’ என்று ஒட்டி எழுதுவார். பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தில் ஒரு விதம், விசாவில் ஒரு விதம், சீட்டில் இன்னொரு விதம் என்று ஆனபின் விமான நிலைய முகப்பிடத்தில் ஓர் ஊழியர் மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது வயிறு கலங்கும். பெரும்பாலும் மேற்பார்வையாளரைக் கூப்பிட்டு, பத்து நிமிடம் பேசி, விட்டுவிடுவார்கள். நேரம் இருக்கிறவருக்கு அந்தப் பத்து நிமிடம் ஒன்றுமில்லை. சந்தை நெரிசலில் இரண்டு மணி நேரத்தை விட்டுவிட்டு வந்தவருக்கு அதுதான் விமானம்.

அமெரிக்க விசா விண்ணப்பத்தில், கடப்பிதழில் இயற்பெயர் தனியாக இல்லாதவர்கள் அந்தக் கட்டத்தில் ‘எஃப்என்யூ’ என்று எழுத வேண்டும். முதற்பெயர் தெரியவில்லை என்று அதற்குப் பொருள். அம்மாவும் அப்பாவும் ஜாதகம் பார்த்து, எழுத்து பார்த்து வைத்த பெயர் நீளமாகப் பக்கத்துக் கட்டத்திலேயே இருக்கும். வகுப்பில் பேராசிரியர் அப்பாவின் பெயரைச் சொல்லி நம்மைக் கூப்பிடுவார். சிலர் மூன்று வருடமும் அப்பா பெயரிலேயே பட்டம் வரை படித்து முடிக்கிறார்கள்.

இதற்கு ஒரே ஒரு மருந்துதான் எனக்குத் தெரியும். சீட்டு வாங்கும் முன்பே, கடப்பிதழில் உள்ள அதே எழுத்துகளை அதே வரிசையில் எல்லா இடத்திலும் போடுவது. சாய்கோட்டை என்ன செய்ய வேண்டும் என்று விமான நிறுவனத்திடமும் விசா மையத்திடமும் எழுத்தில் கேட்டு, பதிலை அச்செடுத்து வைத்துக்கொள்வது. பல்கலைக்கழகத்தின் மாணவர் பிரிவு, ‘இந்த வடிவங்கள் அனைத்தும் ஒரே நபரைக் குறிக்கும்’ என்று ஒரு கடிதம் கொடுக்கும். கேட்டால் மட்டும் கொடுக்கும். அண்ணனுக்கு ஒரு ‘எம்’, தம்பிக்கு இரண்டு ‘எம்’ என்று பிறப்புப் பத்திரத்திலேயே அப்பாவின் பெயர் மாறியிருந்தால், அது விமான நிலையத்தில் தீர்க்கிற விஷயம் கிடையாது. தேசியப் பதிவுத் துறைக்குப் பல மாதங்கள் முன்பே போக வேண்டும்.

இந்த எழுத்துக் குளறுபடி எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அதுவும் ஒரு வெளிநாட்டுப் பயணத்தின் முதல் நாளில்தான் போய் நிற்கிறது.

ஜே.ஏ. ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கேமரன் மலையில் தேயிலை நட்ட கைகளில் பெரும்பகுதி தமிழர்களுடையவை. அவர்களோ அவர்களுடைய பெற்றோரோ கப்பலில் வந்தவர்கள். சென்னைக்கு அருகே ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் மலாயாவுக்குப் போகும் தொழிலாளர்களுக்கான முகாம்கள் இருந்தன. அங்கே மருத்துவச் சோதனை, அம்மை ஊசி. பிறகு கப்பலின் மேல்தளத்தில் கும்பலோடு கும்பலாகப் பயணம். 1926இலிருந்து 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலின் பெயரை எங்கள் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். பினாங்கை நெருங்கியதும் கரை கண்ணில் தெரியும், ஆனால் நேரே இறங்க முடியாது. ஜெரெஜாக் தீவில் தடைக்காப்பு முகாம். கப்பலில் ஒருவருக்கு அம்மையோ காலராவோ இருந்தால் போதும், உடன் வந்தவர்கள் எல்லாரும் தீவில் காத்திருக்க வேண்டியதுதான். புதிய நாட்டின் முதல் நாளை அவர்கள் அந்த நாட்டைப் பார்த்துக்கொண்டே கழித்தார்கள்.

அங்கிருந்து தோட்டத்துக்கு வந்ததும் பெயர்ப் பதிவு. கங்காணி சொல்ல, கிராணி தனக்குக் கேட்டபடி ஆங்கிலத்தில் செக்ரோலில் எழுதிக்கொள்வார். லட்சுமி ‘லெச்சுமி’ ஆனதும் முனியாண்டி ‘முனியண்டி’ ஆனதும் அப்படித்தான். பிறகு அதுவே பிறப்புப் பத்திரம், பள்ளிப் பதிவு, அடையாள அட்டை, கடப்பிதழ். திறனற்ற தொழிலாளர்களை உதவியோடு மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938இல் தடை செய்தது. 1985 பிப்ரவரியில் ‘சிதம்பரம்’ கப்பல் வங்காள விரிகுடாவில் தீப்பிடித்துப் பலர் மாண்ட பிறகு தமிழ்நாட்டுக்கும் நமக்கும் இடையே இருந்த பயணிகள் கப்பல் சேவையும் நின்றுபோனது. கிராணியின் எழுத்துப் பிழை மட்டும் விமானம் ஏறி இன்னும் பயணம் செய்துகொண்டிருக்கிறது.

பெட்டிக்குள் அம்மா வைத்தவை

முகப்பிடத்துக்கு முன்னால், தரையில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பத்தைப் பார்த்தால் சிரிக்காதீர்கள். அனுமதி 30 கிலோ என்றால் வீட்டுத் தராசில் 30 காட்டும். விமான நிலையத் தராசில் 34 காட்டும். நான்கு பெட்டிகளின் எடையைக் கூட்டிப் பிரித்துக்கொள்ளலாம் என்பதும் எப்போதும் நடக்காது. தூக்கும் தொழிலாளர்களின் பாதுகாப்புக்காக, ஒரே பெட்டி 32 கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்று பல நிறுவனங்கள் பிடிவாதமாக இருக்கும். கூடுதல் பணம் கட்டுகிறேன் என்றாலும் விடமாட்டார்கள்.

அந்தப் பெட்டியில் என்ன இருக்கும் என்று நமக்குத் தெரியும். மிளகாய்த் தூள், மசாலாத் தூள், ஊறுகாய், சம்பால், முறுக்கு, கருவாடு, நெய், பால்கோவா, செய்தித்தாளில் சுற்றிய கறிவேப்பிலை, நம் மலைத் தேயிலை ஐந்து பாக்கெட். இதில் எதை எடுக்கச் சொன்னாலும் அம்மாவின் முகம் மாறிவிடும்.

ஆனால் நாட்டுக்கு நாடு விதி வேறு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து பிரிட்டனுக்கு வருகிறவர்கள் இறைச்சி, பால் பொருள்களைக் கொண்டுவர முடியாது. கோழி சம்பாலும் பால்கோவாவும் நெய்யும் அந்தக் கணக்கில்தான் வரும். ஆஸ்திரேலியாவில் இன்னும் கண்டிப்பு. உணவு, செடி, விதை, மரச்சாமான் எதுவாக இருந்தாலும் வருகை அட்டையில் ‘ஆம்’ என்று குறிக்க வேண்டும். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: உண்மையைச் சொல்லி அறிவித்துவிட்டால், பொருள் அனுமதிக்கப்படாததாக இருந்தாலும் அபராதம் இல்லை. அதிகபட்சம் பிடுங்கிக் குப்பையில் போடுவார்கள். மறைத்து மாட்டினால்தான் பெரிய தொகை. படிப்பு விசாவில் போகிறவருக்கு விசாவே ரத்தாகும் ஆபத்தும் இருக்கிறது. ஒரு கொத்துக் கறிவேப்பிலைக்காக அந்த விளையாட்டு வேண்டாம்.

கையில் எடுத்துச் செல்லும் பையில் சம்பால் வைத்தால், அது திரவமாகவே கணக்கிடப்படும். நூறு மில்லிலிட்டருக்கு மேற்பட்ட புட்டியைப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள். அதே நேரத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சரக்குப் பெட்டியில் போடவே கூடாது. நூறு வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. கணக்கு எளிது: மில்லிஆம்பியர்-மணியை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். 20,000 என்று எழுதியிருந்தால் 74 வரும், கவலையில்லை. 30,000 என்றால் 111 வரும். விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 2025 ஜனவரியில் தென்கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஒரு விமானம் தீப்பிடித்து எரிந்த பிறகு, பறக்கும்போது அதைப் பயன்படுத்தவே கூடாது என்று பல நிறுவனங்கள் சொல்லிவிட்டன. ஆகவே ஏறும்போதே கைப்பேசியில் முழு மின்சாரம் இருக்கட்டும்.

பெட்டி வந்து சேராவிட்டால்? இணைப்பு விமானம் மாறிப் போகிறவர்களுக்கு இது அடிக்கடி நடப்பது. பெட்டிகள் சுற்றும் இடத்தைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே அங்குள்ள முகப்பிடத்தில் புகார் எழுதி, குறிப்பு எண் வாங்க வேண்டும். 1999ஆம் ஆண்டு மான்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி, சேதமான பெட்டிக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமான பெட்டிக்கு அது கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 21 நாளாகியும் வராத பெட்டி தொலைந்ததாகக் கருதப்படும். விமான நிறுவனத்தின் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது 1,519 சிறப்பு எடுப்புரிமை. நம் பணத்தில் சுமார் எட்டாயிரம் ரிங்கிட். அவ்வளவையும் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டார்கள். பெட்டி இல்லாத நாள்களில் வாங்கிய பல்துலக்கி, உள்ளாடை, குளிருடை எல்லாவற்றுக்கும் ரசீது காட்ட வேண்டும். நம்மில் பலர் அந்த நாள்களில் எதுவுமே வாங்காமல் சமாளித்துவிட்டு, பிறகு கேட்க ஒன்றுமில்லாமல் நிற்கிறோம்.

இறங்கிய பிறகு

தரையிறங்கிய முதல் மணி நேரத்தில் கைப்பேசிக்கு இணையம் இருக்காது. வீட்டு முகவரி, விடுதிக் கடிதம், விசா எண் எல்லாம் கைப்பேசிக்குள்ளேயே இருக்கும். குடிநுழைவு அதிகாரி ‘எங்கே தங்கப் போகிறாய்’ என்று கேட்பார். பிரிட்டன் பிளாஸ்டிக் அட்டையை நிறுத்திவிட்டு இணைய விசாவுக்கு மாறிவிட்டதால், கணக்கைத் திறந்து அதில் கடப்பிதழ் எண் சரியாக இருக்கிறதா என்று இங்கேயே பார்த்துக்கொள்ள வேண்டும். எந்த நாடாக இருந்தாலும், முக்கியமானவற்றை இரண்டு தாளில் அச்செடுத்துக் கடப்பிதழோடு வைத்துக்கொள்ளுங்கள். தாளுக்கு மின்சாரம் தேவையில்லை.

அடுத்தது பணம். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தானாகத் திறந்திருக்காது. நாமே செயலியிலோ கிளையிலோ திறக்க வேண்டும். மலேசிய சிம் அட்டையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிய எண்ணுக்கு மாறியவர், வங்கியின் உறுதிக் குறியீடு பழைய எண்ணுக்கே போகும்போது திண்டாடுவார். அதை இன்னொரு துளையில் வைத்து, குறைந்த தொகை போட்டு உயிரோடு வைத்திருங்கள். சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் வருகை அட்டையை மூன்று நாளுக்குள் அரசாங்கத் தளத்தில் இலவசமாக நிரப்பலாம். பணம் கேட்கிற தளம் வந்தால் அது வேறு யாருடையதோ.

சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ படிக்கப் போகிறவர்களுக்குப் பேச்சில் பிரச்சினை வராது என்று நினைப்போம். ‘தாப்பாவ் பண்ணிக் கொடுங்க’ என்று சொன்னால் கடைக்காரர் முழிப்பார். அங்கே அது ‘பார்சல்’. காலை உணவை நாம் ‘பசியாறல்’ என்கிறோம். அங்கே அது பழைய நாவலில் வருகிற சொல்லாகிவிட்டது. இவை சிரித்துவிட்டுப் போகிற சங்கதிகள். சிரிக்க முடியாதது ஒன்று இருக்கிறது. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் இந்தியாவுக்குப் போகிறவர் 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிந்துகொள்ள வேண்டும். தமிழ் பேசுவதால் நம்மை உள்ளூர்க்காரராக நினைக்கிறவர் ஆட்டோக்காரர் மட்டும்தான்; அரசாங்கம் அல்ல.

குளிரைப் பற்றி ஒரு வார்த்தை. மலைப் பிள்ளைகளுக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு. மலேசியாவிலேயே மிகக் குறைவாக, 7.8 பாகை வெப்பநிலை 1978இல் பதிவானது நம் தானா ராத்தாவில்தான். ஆனால் நம் குளிருக்குக் காற்று கிடையாது. ஸ்காட்லாந்தில் மழையோடு பக்கவாட்டில் அடிக்கும் காற்றுக்கு, பிரிஞ்சாங் இரவுச் சந்தையில் வாங்கிய கம்பளிச் சட்டை ஒரு பொருட்டே இல்லை.

அந்தக் கம்பளிச் சட்டையோடு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பிரிட்டனில் நின்ற அக்கா ஒருவரை எனக்குத் தெரியும். தேயிலை கிள்ளுகிற அம்மாவின் மூத்த மகள். மலிவுச் சீட்டு என்பதால் பல்கலைக்கழக வரவேற்பு நாளுக்கு ஒரு வாரம் முன்பே போனார். இணைப்பு விமானத்தில் பெட்டி வரவில்லை. குளிர் அங்கி பெட்டிக்குள். புகார் எழுதிக் குறிப்பு எண் வாங்கிக்கொண்டு விடுதிக்குப் போனால், சாவி கொடுக்கும் அலுவலகம் திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குத்தான் திறக்கும் என்று கதவில் ஒட்டியிருந்தது. மறுபடி பேருந்து ஏறி விமான நிலையத்துக்கே திரும்பி, வருகைக் கூடத்து நாற்காலியில் இரவைக் கழித்தார். அங்கே இரவு ஒன்பது மணி என்றால் நமக்கு விடியற்காலை நான்கு. அம்மா பெரட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அழைத்து, ‘சாப்பிட்டியாமா’ என்று கேட்டார். ‘சாப்பிட்டேன்மா, ரூமு நல்லா இருக்கு’ என்று சொல்லிவிட்டார். கடன் வாங்கி அனுப்பியவர்களிடம் வேறென்ன சொல்வது என்று பிறகு எங்களிடம் கேட்டார்.

பெட்டி மூன்றாம் நாள் வந்தது. அதற்குள் வாங்கிய அங்கிக்கும் காலுறைகளுக்கும் ரசீது வைத்திருந்ததால், இரண்டு மாதம் கழித்து அந்தப் பணம் திரும்பக் கிடைத்தது. இப்போது மலையிலிருந்து யார் வெளிநாட்டுக்குக் கிளம்பினாலும் அவர் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பிவைக்கிறார். எனக்கும் வந்தது. முனையம், பெயர், வங்கி அட்டை, அச்செடுத்த தாள் என்று இருபத்தி இரண்டு வரி. பொதுவாக அந்த நகரத்து மலேசிய மாணவர் சங்கத்தில் ஒருவருடைய எண்ணையாவது வாங்காமல் ஏறாதே என்பது இரண்டாவது வரி. முதல் வரியில், ஞாயிற்றுக்கிழமை போய் இறங்காதே என்று எழுதியிருக்கிறார்.